பின்வாசல் வழியாக வந்தவன்

குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது. இதில் வரும் குருவுக்கு நாற்பத்தொரு வயது. பெயர் அமலோற்பவம். நெல்லைப் பக்கத்து ஊர் ஒன்றில், கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்துகொண்டு, தமிழ் வாக்குமூலங்களையும் பத்திரங்களையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்துக் கொடுப்பவர். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் ஊர் முழுக்க அவருக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

சீடருக்கு அறுபத்திரண்டு. பெயர் சங்கரநயினார். தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருடம் கடுதாசி எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு மாடியேறி, இந்த வித்தையைத் தனக்கும் கற்றுத்தர வேண்டும் என்று கைகட்டி நின்றார். டீச்சர் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்தார். நாளைக்கு வரும்போது பேனா கொண்டு வாங்க அண்ணாச்சி என்றார். அவ்வளவுதான் தீட்சை.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. நயினார் கெட்டிக்காரர். அதை அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஒரு ஆள் வெளியே வருவதையும் ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிவதையும் சொல்ல இங்கிலீஷில் எத்தனை வினைகள் உண்டோ அத்தனையையும் ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டிருந்தார். மேகத்துக்குள்ளிருந்து சூரியன் வந்தால் 'எமர்ஜ்'. முங்கியவன் தண்ணீருக்கு மேலே தலை காட்டினால் 'சர்ஃபேஸ்'. கூப்பிடாத விருந்தாளி சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நின்றால் 'டர்ன் அப்'. பனிக்குள் மலை பெரிதாகத் தெரிந்தால் 'லூம்'. குற்றமுள்ள நெஞ்சோடு ஒருவன் பம்மிப் பம்மி நழுவி வந்தால் 'ஸ்லிங்க்'. மொத்தம் நாற்பத்து மூன்று சேர்ந்திருந்தது.

தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என்று மூன்றை வைத்துக்கொண்டு எப்படித்தான் இத்தனை காலம் ஓட்டினோமோ என்று ஆச்சரியப்படுவார். வீட்டில் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்தால் 'எமர்ஜ்' என்று வாய்விட்டுச் சொல்வார். அந்த அம்மாள் கண்டுகொள்வதில்லை. அவருடைய தமிழையே அந்த அம்மாள் முப்பது வருடமாகக் கண்டுகொள்ளவில்லை.

டீச்சர் அந்த நோட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்தார். நல்லாயிருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. நயினாருக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

டீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்தத் தொழிலில் வேறு யாரும் அப்படிச் செய்து நாம் கேள்விப்பட்டதில்லை. வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதி முடித்த பிறகு, அந்த இங்கிலீஷைப் பார்த்து, வரி வரியாகத் தமிழில் திருப்பிச் சொல்வார். யார் சொன்ன வாக்குமூலமோ அந்த ஆள் எதிரே இருக்க வேண்டும். ஆமா, இதைத்தான் சொன்னேன் என்று அந்த ஆள் தலையை ஆட்டினால்தான் கையெழுத்தும் முத்திரையும். ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவார். வயலில் நின்றால் வரப்பில் நின்று சொல்வார். ஒரு கிழவர் காது கேட்காதவர் என்று தெருவே கேட்கும்படி கத்திச் சொன்னதும் உண்டு.

நயினாருக்கு இது பெரிய தலைவலி. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாதவர்களிடம் போய் இங்கிலீஷுக்கு ஒப்புதல் கேட்பதாவது. அதுவும் தான் பார்த்துப் பார்த்து எழுதிய வாக்கியம் தமிழில் திரும்பி வரும்போது தலைமுடி சிரைத்த மாதிரி மொட்டையாக இருக்கும். டீச்சரிடம் இதை மெதுவாகச் சொல்லியும் பார்த்தார். டீச்சர் சிரித்தார். வழக்கம் மாறவில்லை.

அன்றைக்கு டீச்சர் ஊரில் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தூத்துக்குடிக்குப் போயிருந்தார். சின்ன வேலை ஏதாவது வந்தால் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி முத்திரையை நயினாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

காலை பத்து மணிக்கு இசக்கியம்மாள் மாடியேறி வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் ஒன்றரைப் பக்கக் கடுதாசி. அவள் புருஷன் சுடலைமுத்து கருப்பட்டி சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்றில் மூட்டை தூக்குகிறவன். அந்தக் கிட்டங்கி தீப்பிடித்து எரிந்துபோனது. முந்தின வாரம் முதலாளிக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது. அது போதாதா, அவன்தான் தீ வைத்தான் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மேல்கோர்ட்டில் ஜாமீன் கேட்க வேண்டும். அதற்கு, சாட்சி போலீசிடம் சொன்ன இந்த வாக்குமூலம் இங்கிலீஷில் வேண்டுமாம். சாயந்தர பஸ்ஸில் வக்கீலுக்கு அனுப்பியாக வேண்டும்.

சாட்சி ஒரே ஒரு ஆள்தான். கிட்டங்கிக்குப் பின்னால், ரோடு பிரியும் விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் பேச்சியம்மாள்.

நயினார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒன்றரைப் பக்கமும் சாதாரண விஷயம். கடையை எத்தனை மணிக்குத் திறந்தாள், புகையை எப்போது பார்த்தாள் என்பது போன்றது. நடுவில் ஒரு வரி. 'தீ எரிந்துகொண்டிருக்கும்போது சுடலைமுத்து கிட்டங்கியின் பின்வாசல் வழியாக வெளியே வந்தான்.'

வந்தான்.

நயினார் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். முன்னே தீ. பின்னே வாசல். ஒருவன் வருகிறான். இதற்குப் போய் 'கம் அவுட்' என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதுவதா? அப்புறம் எதற்கு இரண்டு வருடப் படிப்பு, எதற்கு அந்த நோட்டு? ஒவ்வொரு வினையாக நாக்கில் வைத்துப் பார்த்தார். 'எமர்ஜ்' கம்பீரமாக இருந்தது, ஆனால் கூலிக்காரனுக்குக் கொஞ்சம் அதிகம். கடைசியில் 'ஸ்லிங்க்' வந்து உட்கார்ந்தது. எழுதினார். எழுதியதும் அவருக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. ஒரே வார்த்தையில் ஆளும் நடையும் நெஞ்சும் தெரிகிறதே என்று பூரித்துப்போனார்.

திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கு வராமல் இல்லை. பேச்சியம்மாளின் கடைக்கு பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. சாயந்தரம் கடுதாசி கிளம்ப வேண்டும். தவிர, பேச்சியம்மாள் என்ன, வேண்டாம் என்றா சொல்லப் போகிறாள்? முத்திரையை ஓங்கி வைத்தார்.

வாசலில் காத்திருந்த இசக்கியம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நல்லபடியா வந்துருக்காய்யா என்று கேட்டாள்.

"ஜட்ஜே அசந்துபோவாரு, பாரு" என்றார் நயினார்.

அவள் கும்பிட்டுவிட்டு, படி அதிர இறங்கி ஓடினாள்.

மூன்று வாரம் கழித்து வக்கீலிடமிருந்து உத்தரவு வந்தது. குடும்பத்தார் படிக்கும்படி அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருந்தார். டீச்சர் ஒரு நிலப்பத்திரத்தில் மூழ்கியிருந்ததால் நயினார் உறையைப் பிரித்தார். முதல் பக்கத்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவர் கண் நின்றுவிட்டது.

அவருடைய வார்த்தை அங்கே இருந்தது. சும்மா இல்லை, மேற்கோள் குறிக்குள் இருந்தது. மேல்கோர்ட்டு நீதிபதி, எத்தனையோ இங்கிலீஷ் படித்தவர், சங்கரநயினாரின் 'ஸ்லிங்க்'கைத் தனியாக எடுத்து, இரண்டு பக்கமும் குறி போட்டு வைத்திருந்தார்.

நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருடம் எழுதிய கடுதாசிகளில் ஒரு கலெக்டர் ஒரு வரியை நல்லாயிருக்கிறது என்று சொன்னதில்லை. பென்சிலால் அந்த இடத்தை மெல்லச் சுழித்து, காகிதத்தை எடுத்துக்கொண்டு டீச்சரின் மேஜைக்குப் போனார்.

"டீச்சர், ஜட்ஜு என் வார்த்தைய எடுத்துப் போட்டிருக்காரு."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

நயினார் நடந்ததைச் சொன்னார். அந்த வரியைச் சொன்னார். நாற்பத்து மூன்றையும் தட்டிப் பார்த்து இந்த ஒன்றைப் பொறுக்கிய கதையைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, சீடன் குருவிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"அந்த எடத்துக்கு இத விடப் பொருத்தமா ஒரு வார்த்தை இருக்கா டீச்சர்?"

டீச்சர் அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"உத்தரவு கடைசி வரி என்ன அண்ணாச்சி?" என்றார்.

நயினார் கடைசி வரி வரைக்கும் போகவில்லை. கல்யாண ஆல்பத்தில் தன் படம் வந்ததும் புரட்டுவதை நிறுத்திவிடுகிற ஆள் மாதிரி, தன் வார்த்தையிலேயே நின்றுவிட்டார். இப்போது கீழே பார்த்தார். தீ எரியும்போதே பின்வாசல் வழியாகப் பம்மி நழுவியதாக நேரில் பார்த்த சாட்சியே சொல்லும்போது, இந்த நடத்தையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்று இருந்தது. அதற்கும் கீழே, மனு தள்ளுபடி.

நயினார் பென்சிலால் போட்ட சுழியைப் பார்த்தார். அதை அழிக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. அதுதான் முதலில் தோன்றியது என்பதை நினைத்து அவர் பிற்பாடு வெட்கப்பட்டார்.

"பேச்சியம்மாகிட்ட திருப்பிச் சொன்னியளா?"

"இல்ல டீச்சர்."

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்வதற்கு பஸ், நேரம், அவசரம் என்று மூன்று காரணம் வைத்திருந்தார். டீச்சர் கேட்கவில்லை. பேனாவை மூடினார். அன்றைக்கு எழுதியதன் நகலைத் தேடி எடுத்துப் பையில் வைத்தார். ஆணியில் தொங்கிய குடையை எடுத்தார்.

"கெளம்புங்க."

பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நயினாரால் சும்மா இருக்க முடியவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் எந்த வார்த்தையைத்தான் போட்டிருக்க வேண்டும் என்று கேட்டார்.

"பாத்தது பேச்சியம்மா" என்றார் டீச்சர். "நான் அங்க இல்ல."

நயினார் விலக்கு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

விலக்கில் இறங்கினார்கள். டீக்கடைக்குப் பின்னால் கிட்டங்கி கரிச்சுவராக நின்றது. இன்னும் கருப்பட்டி தீய்ந்த வாடை. கடையில் பேச்சியம்மாள் அடுப்படியில் நின்றாள். நல்ல உயரம், கட்டையான குரல், ஐம்பது தாண்டியவள். பின்னால் குத்துக்கால் வைத்து ஒரு பெண் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்ததும்தான் நயினாருக்கு அடையாளம் தெரிந்தது.

இசக்கியம்மாள்.

புருஷன் உள்ளே போனதிலிருந்து பேச்சியம்மாள்தான் அவளுக்கும் அவள் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சோறு போட்டு, கடையிலேயே வைத்திருக்கிறாள். இது நயினாருக்கு எப்படித் தெரியும்? அவர்தான் வரவே இல்லையே.

இசக்கியம்மாள் அவரைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பெஞ்சைத் துடைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே நயினாருக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி இரண்டு பேர் கெட்ட சேதி சொல்ல வரமாட்டார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"விட்டுட்டாவளாய்யா?"

நயினார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குடையை மடக்கி பெஞ்சில் சாத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றார் நயினார். "ஜாமீன் கெடைக்கல."

அவள் சிரித்த முகத்தோடே நின்றாள். சேதி முகத்துக்கு வந்துசேர நேரமாயிற்று. ஐயா வேறு யாரோ ஒருவர் கேஸைச் சொல்கிறாரோ என்று நினைத்தவள் போல, அவுக பேரு சுடலைமுத்துய்யா என்றாள். நயினார் தலையை ஆட்டினார். பேச்சியம்மாள் அடுப்பை அணைத்தாள்.

டீச்சர் பையிலிருந்து நகலை எடுத்து நயினாரிடம் நீட்டினார்.

"அன்னைக்கு விட்டுப்போனத இப்பச் சொல்லுங்க."

நயினார் படித்தார். கடை திறந்த நேரத்தைத் தமிழில் சொன்னார். பேச்சியம்மாள் ஆமா என்றாள். புகையைப் பார்த்த நேரத்தைச் சொன்னார். ஆமா என்றாள். அடுத்த வரி வந்தது. பேசாமல் 'வெளியே வந்தான்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பக்கத்தில் டீச்சர் இருந்தார். டீச்சருக்கு அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

"தீ எரியும்போது சுடலைமுத்து..." என்று ஆரம்பித்தார். "பின்வாசல் வழியா, குத்தம் செஞ்சவன் மாதிரி, பம்மிப் பம்மி வெளிய நழுவினான்."

பேச்சியம்மாள் தலையை ஆட்டவில்லை.

இசக்கியம்மாள் மெதுவாகத் திரும்பினாள். நயினாரைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாளைப் பார்த்தாள்.

"யக்கா" என்றாள். "நீயா அப்படிச் சொன்ன?"

இப்படி ஒன்று நடக்கும் என்று நயினார் கனவிலும் நினைக்கவில்லை. நீதிபதியை நினைத்தார், தன்னை நினைத்தார், ஜெயிலில் இருப்பவனைக்கூட வழியில் நினைத்துக்கொண்டு வந்தார். இந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் தன் வார்த்தை போய் நிற்கும் என்று நினைக்கவில்லை.

"அம்பத்தி மூணு நாளா உன் கையாலதானே சாப்பிடுதேன்" என்றாள் இசக்கியம்மாள். "எம் பிள்ளையளுக்குத் தலை வாரி விட்டியே. இதச் சொல்லிட்டுத்தானா வாரி விட்ட?"

பேச்சியம்மாள் குரல் எப்போதும் ரோட்டுக்குக் கேட்கும். இப்போது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கவில்லை.

"ஏளா, நான் சொல்லலளா."

அப்புறம் நயினார் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நான் எப்பய்யா அப்படிச் சொன்னேன்?"

"நீங்க சொல்லலம்மா. வந்தான்னுதான் சொல்லியிருந்திய. நான்தான் இங்கிலீஷுல... ஒரு அழுத்தத்துக்காக..."

"அழுத்தம்னா?"

நயினார் கையிலிருந்த நகலை மடித்தார், மறுபடி பிரித்தார்.

டீச்சர் முதல் தடவையாகப் பேச்சியம்மாளைக் கேட்டார். "எப்படி வந்தாரு அவரு?"

பேச்சியம்மாள் கரிச்சுவரைக் காட்டிச் சொன்னாள். நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தானாம். புருவம் பொசுங்கிக் கிடந்ததாம். குனிந்துதான் வந்தான், அந்தப் பின்வாசலின் உயரம் அவ்வளவுதான், தான் போனாலும் குனிய வேண்டும் என்றாள். வந்தவன் இருமிக்கொண்டே, இதோ இந்த ஐயா இருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தான். குடித்துவிட்டு மறுபடி உள்ளே போய் மூட்டைகளை இழுத்து இழுத்து வெளியே போட்டான். கூரை விழுந்த பிறகுதான் நிறுத்தினான்.

நயினார் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"இத போலீஸ்கிட்டச் சொன்னியளா?" என்றார் டீச்சர்.

"வெளிய வந்தானான்னு கேட்டாவ. வந்தான்னேன். எப்படி வந்தான்னு ஒருத்தரும் கேக்கல டீச்சர்."

வந்தான் என்று மட்டும் இருந்திருந்தால் மேல்கோர்ட்டிலாவது யாராவது அதைக் கேட்டிருப்பார்கள். வக்கீல் கேட்டிருப்பார், இல்லை நீதிபதி கேட்டிருப்பார். யாரும் கேட்க வேண்டாதபடி நயினார் முந்திக்கொண்டு பதில் எழுதிவிட்டார். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தூணைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் வந்ததால் மயக்கம் வருகிறதோ என்று இசக்கியம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை அவர் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் பையிலிருந்து இரண்டு வெள்ளைத்தாள் எடுத்தார். வக்கீல் மறுபடி மனுப் போட வேண்டுமென்றால், தாங்கள் கொடுத்தது தப்பு என்று தாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். பேச்சியம்மாள் சொன்னதையும் முழுசாக எழுதி அதோடு வைக்க வேண்டும். சாயந்தர பஸ்ஸுக்கு முன்னால் முடிந்தாக வேண்டும் என்றார். ஒரு தாளை நயினாரிடம் கொடுத்தார்.

"நடந்தத எழுதுங்க. நானும் எழுதுதேன்."

பெஞ்சின் இரண்டு நுனியிலும் உட்கார்ந்து இருவரும் எழுதினார்கள். இசக்கியம்மாள் கிளாஸ் கழுவப் போனாள். கழுவிய கிளாஸையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

நயினாருக்கு எழுத்து நேராக ஓடியது. தாலுகா ஆபீஸ் கை அது. அந்த ஆபீசில் முப்பத்தொரு வருடத்தில் யாரும் தப்புச் செய்ததில்லை. பட்டா மாறிப்போகும், பெயர் விட்டுப்போகும், ஒருத்தர் கிணறு இன்னொருத்தர் சர்வே எண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். எல்லாத் தப்பும் தானாக நடந்தது. அதை எழுதுவதற்கு என்றே ஒரு இங்கிலீஷ் வாக்கியம் உண்டு. அந்த வாக்கியம் பேனாவைத் தாளில் வைத்த உடனே அழகாக வந்து விழுந்தது.

டீச்சர் முதலில் முடித்தார். இசக்கியம்மாளைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். எழுதிய இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"என் முத்திரைய இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்த பெறகும், என்ன எழுதிருக்குன்னு எடுத்துப் பாக்கல. அதுக்கு நான்தான் பொறுப்பு."

மூன்றே வரி. இசக்கியம்மாள் தலையை ஆட்டினாள். டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

நயினார் தன் தாளைப் பார்த்தார். அழகான கையெழுத்தில் நிறைய வரிகள் இருந்தன. இன்னொரு தாள் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

"இப்ப நீங்க, அண்ணாச்சி."

எழுதியதைத்தான் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

"மேற்படி வாக்குமூலத்த மொழிபெயர்க்கும்போது" என்றார் நயினார், "எதிர்பாராத விதமா, ஒரு பிழை உள்ள புகுந்துவிட்டது."

இசக்கியம்மாள் கேட்டுக்கொண்டாள். அவளிடம் கோபம் இல்லை. கேலியும் இல்லை. ஐயா சொன்னது என்னவென்று புரிந்துகொள்ளத்தான் அவள் பார்த்தாள்.

"அன்னைக்குக் காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் உங்க வாசல்லதானேய்யா நான் இருந்தேன்" என்றாள். "ஒருத்தரும் உள்ள வரலியே. அது எங்க இருந்துய்யா வந்துச்சு?"

இரண்டு வருடமாக எது தெரியாவிட்டாலும் எந்தப் பக்கம் திரும்புவாரோ அந்தப் பக்கம் திரும்பினார் நயினார்.

"என்னையப் பாக்காதிய அண்ணாச்சி" என்றார் டீச்சர். "கேட்டது அவங்க."